பொறியில் சிக்குவது திருடன் அல்ல!

எடை போட்டால் 20 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பார்ப்பதற்கு ஒல்லியான நாட்டு நாய் போல இருக்கும். இந்தச் சிறிய விலங்கை ஒடுக்குவதற்காக அமெரிக்க அரசாங்கம் 100 ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபடுகிறது.

விஷம் வைத்தார்கள். இரும்புப் பொறி வைத்தார்கள். விமானத்தில் பறந்து சென்று சுட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்தார்கள். அது ஒழியவில்லை. முன்பு நாட்டின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் மட்டும் இருந்தது. இன்று, ஹவாய்த் தீவுகளைத் தவிர எல்லா மாநிலங்களிலும் ஊளையிடுகிறது!

அந்த விலங்கின் பெயர் கயோட்டி.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கயோட்டிகள் பொறியில் சிக்காமல் இல்லை. ஆயிரக்கணக்கில் சிக்குகின்றன. ஆனால் சிக்குகிறவற்றில் பெரும்பாலானவை ஆட்டைக் கொன்றவை அல்ல. ஆட்டைக் கொன்ற கயோட்டி, பொறி வைக்கிறவனைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டு இருக்கிறது!

எப்படி என்று பார்ப்போம்.

நரிக்குப் பங்காளி

கயோட்டி, ஓநாய்க்கும் நரிக்கும் நடுத்தரமான விலங்கு. நம் ஊர்க் காட்டோரங்களில் ஊளையிடுகிறதே குள்ளநரி, அதற்குப் பங்காளி முறை. நாய், ஓநாய், குள்ளநரி, கயோட்டி எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

மெக்சிகோவின் பழங்குடி மக்களுடைய நாவாட்டில் மொழியில் இருந்து வந்த பெயர் அது. விஞ்ஞானிகள் 1823-ம் ஆண்டில் அதற்கு லத்தீன் மொழியில் ஒரு பெயர் சூட்டினார்கள். அதன் பொருள் "குரைக்கும் நாய்".

இதைத்தான் தின்பேன் என்று கயோட்டி அடம் பிடிப்பது இல்லை. எலி, முயல், மான் குட்டி, செத்த மாடு, வெட்டுக்கிளி, பழம், குப்பைத் தொட்டியில் கிடக்கும் மிச்சம், எது கிடைத்தாலும் சரி.

ஆட்டுக்குட்டி கிடைத்தால் அதையும் விடாது. அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

ஆட்டுப் பண்ணைக்காரரின் கவலை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் செம்மறி ஆடு வளர்ப்பது பெரிய தொழில். பரந்த புல்வெளியில் ஆயிரக்கணக்கான ஆடுகள் மேயும். காவலுக்கு ஓரிரு ஆட்கள் இருந்தால் பெரிது.

இளவேனில் காலத்தில் ஆடுகள் குட்டி போடும். அதே பருவத்தில் கயோட்டியும் குட்டி போடும். வளையில் ஐந்தாறு குட்டிகள் பசியோடு வாயைத் திறந்துகொண்டு இருக்கும். தாயும் தகப்பனும் அலைந்து திரிந்து இரை தேடவேண்டும். எலியாகப் பிடித்துக் கொடுத்தால் கட்டுபடி ஆகுமா? ஓர் ஆட்டுக்குட்டியின் குரல்வளையைக் கவ்வினால், அன்றைய சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

பண்ணைக்காரருக்கோ அந்தக் குட்டிகள்தான் வருஷத்து வருமானம். விடிந்து எழுந்து பார்த்தால், பத்துக் குட்டியில் இரண்டைக் காணோம் என்றால் அவர் என்ன செய்வார்? அரசாங்கத்திடம் போய் முறையிட்டார்.

1915-ம் ஆண்டில், ஓநாய், கயோட்டி போன்ற விலங்குகளை ஒழிக்க அமெரிக்கக் காங்கிரஸ் 1 லட்சத்து 25 ஆயிரம் டாலர் ஒதுக்கியது. சம்பளத்துக்கு வேட்டைக்காரர்கள் அமர்த்தப்பட்டார்கள். 1931-ம் ஆண்டில் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. எட்டி விஷம், தாலியம், பின்னர் "1080" என்ற விஷம் எல்லாம் இறைச்சியில் கலந்து வைக்கப்பட்டன.

ஓநாய் அழிந்தது. மேற்கு மாநிலங்களில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. கயோட்டி அழியவில்லை.

விஷம் கயோட்டியோடு நிற்கவில்லை. கழுகு செத்தது, வீட்டு நாய் செத்தது. எதிர்ப்பு கிளம்பியதால், 1972-ம் ஆண்டில் அரசாங்க நிலங்களில் விஷம் வைக்க ஜனாதிபதி நிக்சன் தடை போட்டார். பின்னால் அந்தத் தடை தளர்ந்தது.

2021-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்க மத்திய அரசின் ஆட்கள், எல்லா முறைகளிலும் சேர்த்து, 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றிருக்கிறார்கள். தனியார் கொன்றது இந்தக் கணக்கில் சேரவில்லை. யூட்டா மாநிலம், கொல்லப்படும் ஒவ்வொரு கயோட்டிக்கும் 50 டாலர் கொடுக்கும் திட்டத்தை 2012-ம் ஆண்டில் தொடங்கியது.

பொறி வைப்பது எப்படி?

இவ்வளவு ஆயுதங்களிலும் பழமையானது இரும்புப் பொறி. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சூவல் நியூஹவுஸ் என்பவர் 1820-களில் இந்தப் பொறிகளைச் செய்ய ஆரம்பித்தார். பிறகு தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் தயார் ஆயின.

பொறிக்கு இரண்டு தாடைகள். நடுவே ஒரு மிதிதட்டு. தட்டை மிதித்தால் வில் விடுபடும். இரண்டு தாடைகளும் "படார்" என்று மூடிப் பாதத்தைக் கவ்விக்கொள்ளும். விலங்கு சாகாது. வேட்டைக்காரன் வருகிற வரையில் அங்கேயே கிடக்கும்.

கேட்பதற்குச் சுலபம். வைப்பதுதான் கஷ்டம்.

புதுப் பொறியில் எண்ணெய் வாடை வீசும். பழைய பொறியில் துரு வாடை வீசும். இரண்டும் ஆகாது. ஆகவே, மரப்பட்டைச் சாயம் போட்ட தண்ணீரில் பொறியை வேகவைக்கிறார்கள். அது கறுத்துப்போன பிறகு உருக்கிய மெழுகில் முக்கி எடுக்கிறார்கள்.

வேட்டைக்காரன் கையில் சுத்தமான உறை. காலில் ரப்பர் பூட்ஸ். தரையில் நேரடியாக மண்டி போடக்கூடாது. ஒரு கித்தான் துணியை விரித்து, அதன் மேல்தான் உட்காருவான். வியர்வைத் துளி மண்ணில் விழக்கூடாது. தோண்டிய மண்ணைக்கூடத் துணியிலேயே கொட்டுவான்.

முதலில், எலி தோண்டியது போலச் சாய்வாக ஒரு வளை தோண்டுகிறான். வளைக்குள்ளே ஒரு துண்டு இறைச்சி. வேறு ஏதோ விலங்கு தன் சாப்பாட்டை ஒளித்து வைத்திருப்பது போலத் தோன்றவேண்டும். பக்கத்தில் சில சொட்டுக் கயோட்டி மூத்திரம்! நாய் விளக்குக் கம்பத்தைக் கண்டால் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். கயோட்டியும் நாய்ச் சாதிதான். "இங்கே வந்து போனவன் யார்?" என்று முகர்ந்து பார்க்காமல் அதனால் போகமுடியாது.

வளையில் இருந்து ஒரு சாண் தூரத்தில் பொறியைப் புதைக்கிறான். சுற்றிலும் மண்ணை இறுக்கி அடைக்கிறான். மேலே சல்லடையில் சலித்த மண்ணைத் தூவுகிறான். கடைசியாக ஓர் இலைக் கொத்தால் பெருக்கி, ஆள் வந்த சுவடே இல்லாமல் செய்கிறான்.

மண்ணை ஏன் அவ்வளவு இறுக்கவேண்டும்? காரணம் இருக்கிறது. பொறி கொஞ்சம் ஆடினாலும் போதும். பாதத்தை வைக்கிறபோதே கயோட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே காலை எடுத்துவிடும்.

ஒருமுறை பட்டால்...

அப்படிக் காலை எடுத்துத் தப்பிய கயோட்டியை வேட்டைக்காரர்கள் "படித்த கயோட்டி" என்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத படிப்பு! விரலில் ஒரு கிள்ளு பட்டிருக்கும். அல்லது, தன் ஜோடி பொறியில் கிடந்து துடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கும். அது போதும்.

அதற்குப் பிறகு வாடை, வளை, புதிதாகக் கிளறிய மண், எல்லாமே அதற்கு அபாய அறிவிப்பு. எதிர்க்காற்றில் நெருங்கி, முதலில் மூக்கை அனுப்பும். பிறகுதான் கால் போகும். சில கயோட்டிகள் பொறியைச் சுற்றி மெல்லத் தோண்டி, அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. பொறியின் மேலேயே மலம் கழித்துவிட்டுப் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள்.

மனிதன் பகலில் சுடுகிற இடங்களில், கயோட்டி நடமாட்டத்தை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது. அதற்குத் தகுந்தபடி வேட்டைக்காரனும் முறையை மாற்றவேண்டும். இறைச்சியும் வேண்டாம், மூத்திரமும் வேண்டாம் என்று, அது வழக்கமாக நடக்கிற தடத்திலேயே எந்த வாடையும் இல்லாமல் பொறியைப் புதைப்பார்கள். அதிலும் எப்போதாவதுதான் ஜெயிப்பார்கள்.

சொந்த ஊரில் உஷார்!

இதெல்லாம் வேட்டைக்காரர்களின் அனுபவம். விஞ்ஞானிகள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கயோட்டியின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, எங்கே போகிறது, எங்கே சிக்குகிறது என்று கவனித்தார்கள்.

ஒவ்வொரு கயோட்டி ஜோடிக்கும் சொந்தமாக ஓர் எல்லை உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த ஆராய்ச்சி 1990-ம் ஆண்டில் வெளியானது. தன் எல்லைக்கு நடுவே இருக்கும்போது கயோட்டி பொறியில் சிக்குவது அபூர்வம் என்று தெரிந்தது. எல்லை ஓரத்திலும், எல்லைக்கு வெளியிலும்தான் அது எளிதில் சிக்குகிறது.

ஏன்? அடைத்து வளர்க்கப்பட்ட கயோட்டிகளை வைத்து யூட்டாவில் நடந்த சோதனை இதற்கு விடை சொன்னது. அதன் முடிவு 2001-ம் ஆண்டில் வெளிவந்தது. பழகிய இடத்தில் ஒரு புதுப் பொருளை வைத்தால் கயோட்டி பயந்து விலகுகிறது. பழகாத இடத்தில் அதே பொருளை வைத்தால், அவ்வளவாகப் பயப்படுவது இல்லை.

வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதன்முதலாக ஊரில் இருந்து ரயிலேறி, தாதர் ஸ்டேஷனில் இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். பார்க்கிறது எல்லாம் புதிது. எதைச் சந்தேகப்படுவது, எதை நம்புவது? பெட்டியைத் தூக்க வந்தவன் கூலியா, திருடனா என்றே தெரியாது. அதே ஆள் பத்து வருஷம் ஒரே சந்தில் குடியிருந்த பிறகு? சந்து முனையில் ஒரு புது ஆள் நின்றால், வீட்டுக்குள் இருந்தபடியே "யார் அது?" என்று கேட்பான்.

கயோட்டியும் அப்படித்தான். சொந்த இடத்தில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு புதரும் அதற்கு மனப்பாடம். நேற்று இல்லாத வளை இன்று எப்படி வந்தது என்று அதற்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

கலிபோர்னியாவில் நடந்த இன்னொரு ஆராய்ச்சி இதைவிட ஆச்சரியமானது. காட்டில் தானாகப் படம் எடுக்கும் காமிராக்களைப் பொருத்தினார்கள். இளசுகளின் படம் விழுந்தது. எல்லைக்குச் சொந்தமான ஆணும் பெண்ணும் தங்கள் எல்லைக்குள் இருந்த காமிராக்களுக்கு அருகே வராமல் தப்பித்துக்கொண்டே இருந்தன. காரணம் என்ன? மனிதர்கள் தங்கள் எல்லைக்குள் நடமாடுவதை அவை பின்தொடர்ந்து கவனிக்கின்றன. காமிராவைப் பொருத்தும்போதே அது இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கின்றன என்று 2003-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

காமிராவிலேயே விழாதது பொறியில் எங்கே விழப்போகிறது?

திருடன் யார்?

வடக்குக் கலிபோர்னியாவில் ஹாப்லாண்ட் என்ற இடம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை அங்கே உள்ளது. 1990-களில் அங்கே ஆடுகளைக் கொல்வது எந்தக் கயோட்டி என்று தேடினார்கள்.

குட்டி போட்டு வளர்க்கும் ஜோடிகள்தான் குற்றவாளிகள் என்று தெரியவந்தது. எந்த ஜோடியின் எல்லைக்குள் ஆடுகள் மேய்ந்தனவோ, அந்த ஜோடிதான் பெரும்பாலான ஆடுகளைக் கொன்றது.

ஆனால் பொறியிலும் மற்றக் கருவிகளிலும் அதிகமாகச் சிக்கியவை எவை? எல்லையே இல்லாமல் அலைகிற இளம் கயோட்டிகள். இலையுதிர் காலத்தில் இவை தாய் வீட்டை விட்டுப் பிரிந்து, பிழைக்க இடம் தேடிப் புறப்படும். அனுபவம் இல்லை. போகிற இடம் எல்லாம் புதிது. வயிற்றிலே பசி. பொறி வைக்கிறவனுக்கு அதுதான் நல்ல சீசன்.

இந்த இளசுகளில் பெரும்பாலானவை ஆட்டைத் தொட்டதே இல்லை. கண்டபடி கொன்று தள்ளியதால், ஆடுகள் சாவது குறையவில்லை என்பதும் ஹாப்லாண்டில் தெரிந்தது. குற்றம் செய்த ஜோடியைக் குறிபார்த்து அகற்றியபோது மட்டும் நஷ்டம் குறைந்தது. அதுவும் கொஞ்ச காலம்தான். காலியான இடத்துக்கு வேறு ஜோடி வந்துவிட்டது!

ஆக, வருஷம் முடிந்ததும் வேட்டைக்காரன் இத்தனை தோல் என்று கணக்குக் காட்டுகிறான். பண்ணைக்காரர், இத்தனை குட்டி போயிற்று என்று கணக்குப் பார்க்கிறார். இரண்டு கணக்கும் ஒட்டவில்லை.

கொன்றால் குறையுமா?

"எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் எது திருடன் என்ற கேள்வியே இல்லையே?" என்று சிலர் கேட்கலாம். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

1975-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு கணக்கு வெளியிடப்பட்டது. ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கயோட்டிகளைக் கொன்றுகொண்டே வந்தாலும், அவை அடியோடு அழிய 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்றது அந்தக் கணக்கு.

காரணம், மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைக்கிறது. பெண் கயோட்டி அதிகக் குட்டிகளைப் போடுகிறது. கூட்டம் கட்டுக்கோப்பாக இருந்தால் ஒரு வயதுப் பெண் குட்டி பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்யாது. கூட்டம் சிதறினால் அதுவும் தாயாகிவிடுகிறது.

இப்படித்தான் கயோட்டி பரவியது. ஓநாய் இல்லாத இடங்களை எல்லாம் அது பிடித்துக்கொண்டது. இன்று பெரிய நகரங்களிலும் குடியிருக்கிறது. 2006-ம் ஆண்டில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு கயோட்டி போலீசாருக்கு ஓட்டம் காட்டிவிட்டுப் பிடிபட்டது. 2007-ம் ஆண்டில் சிகாகோவில் ஒரு கயோட்டி சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து, குளிர்பான அலமாரியில் ஏறி படுத்துக்கொண்டது! சிகாகோவில் 2000-ம் ஆண்டு முதல் அவற்றை ஆராய்ந்து வருகிறார்கள். அவை இரவில் சாலைகளைக் கடந்து, பெரும்பாலான மக்களின் கண்ணிலேயே படாமல் வாழ்கின்றன.

வலிக்கும் ஒரு கணக்கு உண்டு

பொறியில் சிக்கிய கயோட்டி, ஆள் வருகிற வரையில் காலை இழுத்துக்கொண்டு கிடக்கவேண்டும். நரி, முயல், சில சமயம் வீட்டு நாயும்கூடச் சிக்கிக்கொள்ளும். தாடையில் ரப்பர் வைத்த பொறிகள் பிறகு வந்தன. இருந்தாலும் எதிர்ப்பு வளர்ந்தது. 1996-ம் ஆண்டில் கொலராடோ, மசாசூசெட்ஸ் மாநிலங்களிலும், 1998-ம் ஆண்டில் கலிபோர்னியாவிலும் மக்கள் ஓட்டுப் போட்டு இத்தகைய பொறிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

"ஓட்டுப் போட்டவர்கள் பட்டணத்துக்காரர்கள், ஆட்டைப் பறிகொடுப்பது நாங்கள்" என்பது பண்ணைக்காரர்களின் பதில். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நரிக்கும் குடும்பக் கட்டுப்பாடு!

அப்படியானால் வழிதான் என்ன? கயோட்டியின் சந்தேகப் புத்தியையே அதற்கு எதிராகத் திருப்பலாம் என்பது ஒரு யோசனை.

ஆட்டு மந்தையோடு பெரிய காவல் நாய்களைக் குட்டியில் இருந்தே வளர்க்கிறார்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக உள்ள பழக்கம் இது. 1970-களில் மசாசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரி இதற்கென்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. எதையும் சந்தேகப்படும் கயோட்டி, அசையாமல் நிற்கும் பெரிய நாயைக் கண்டால் மோதிப் பார்க்க விரும்பாது. வேறு இரையைத் தேடிப் போய்விடும்.

கலிபோர்னியாவின் மரின் மாவட்டம், மத்திய அரசின் வேட்டைக்காரர்களே வேண்டாம் என்று 2000-ம் ஆண்டில் முடிவு செய்தது. அந்தப் பணத்தை வேலிக்கும், காவல் விலங்குகளுக்கும், நஷ்டஈட்டுக்கும் கொடுக்கத் தொடங்கியது.

யூட்டாவில் செய்து பார்த்த வழி இன்னும் விசித்திரமானது. கயோட்டிகளைப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, அதே இடத்தில் விட்டார்கள். எல்லையை அவை விடவில்லை. வேறு கயோட்டிகளை உள்ளே விடவும் இல்லை. ஆனால் ஊட்டி வளர்க்கக் குட்டிகள் இல்லாததால், ஆட்டுக்குட்டிகளைக் கொல்வது குறைந்தது. 2001-ம் ஆண்டில் இதன் முடிவு வெளியாயிற்று. செலவுதான் அதிகம்.

நம் பக்கத்துக் கதை

இது அமெரிக்கச் சமாச்சாரம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. மும்பையில் இருந்து அதிக தூரம் இல்லாத ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் வாழ்கின்றன. 2001-ம் ஆண்டில் இருந்து அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து, தொலைவில் உள்ள காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள்.

எந்தச் சிறுத்தை ஆளைத் தாக்கியது என்று யாருக்கும் தெரியாது. கூண்டில் விழுந்தது எதுவோ, அது போயிற்று. பலன்? அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள், 2001 முதல் 2003 வரையில் சராசரி 17 ஆக உயர்ந்தன. அதன் பிறகுதான், பிடித்து இடம் மாற்றுவது சரியா என்ற கேள்வி பலமாக எழுந்தது.

ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு ஆத்திரம் வருவது இயற்கை. ஏதாவது ஒன்று செத்துக் கிடந்தால் ஆத்திரம் தணியும். ஆனால் அடுத்த வாரமும் ஆடு சாகும். ஏனென்றால், பொறியில் செத்தது ஊருக்குப் புதிதாகப் பிழைக்க வந்த இளசு. ஆட்டைத் தின்றது இன்னமும் அந்தப் புதருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. மந்தையோடு ஒரு நாய் நின்றால், அது அங்கிருந்து கிளம்பும்.